அத்தைக்கு முன்னால் வந்த வாசனை

கேசரியில் நெய் ஊற்றி இறக்கும்போது எழுகிற மணம் எங்கள் வீட்டில் ஒருநாளும் தனியாக வந்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அரிசி மில்லின் ஊறல் தொட்டியிலிருந்து புளித்த நெல்லின் வாடையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். அம்மா கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். அப்பா இரவல் வாங்கிவந்த நாற்காலிகளைத் துடைத்துத் துடைத்து வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். வரனைக் கொண்டுவந்தவர், எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருந்த உபதேசியார், மாப்பிள்ளை வீட்டார் திண்டிவனத்தில் பஸ் ஏறிவிட்டார்களா என்று கைபேசியில் கேட்டபடி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். உள்ளறையில் ரெஜினா அத்தை புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நானும் இருந்தேன். இல்லாதவர்கள் அத்தையைப் பெற்ற இருவர். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார்கள். அதனால் அண்ணனான அப்பாதான் அவளுக்குத் தகப்பன் முறையும் செய்ய வேண்டியிருந்தது.

நான் இப்போது விழுப்புரத்தில் கல்லூரி முதலாண்டு படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். மாத்திரை அட்டை, மின்சார பில், பஸ் பலகை எல்லாவற்றையும் சிறுவயதிலிருந்தே வீட்டுக்கு வாசித்துச் சொன்னவன் என்பதால், ஒன்றைப் பார்த்து இன்னதென்று சொல்லிவிடும் பொறுப்பு எனக்கு வெகு சீக்கிரமே வந்துவிட்டது. அந்தப் பொறுப்பில் நான் செய்த ஒரு தவற்றைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

விழுப்புரத்திலிருந்து கோலியனூர் போகும் வழியில், மில்லின் பின்சுவரை ஒட்டிய 'லைன் வீடு'களில் ஒன்று எங்களுடையது. அப்பா தொட்டி வேலை, அம்மாவும் அத்தையும் களத்து வேலை. நெல்லைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, அவித்து, களத்தில் கொட்டிக் காலால் துழாவி உலர்த்துவார்கள். ஊறிய தொட்டியைத் திறந்துவிடும்போது மஞ்சளாக ஓடிவரும் தண்ணீருக்கு ஒரு வாடை உண்டு. பால் குடித்த குழந்தை கக்கியதை வெயிலில் வைத்தது போன்ற வாடை. சோப்புப் போட்டாலும் தலைமுடியிலும் முழங்கை மடிப்பிலும் அது தங்கிவிடும். 'தொட்டி வாடை' என்போம். அதிலேயே கிடப்பதால் எங்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் காலி இடம் தேடி எழுந்து போகும்போதுதான் தெரியும்.

அத்தை மேல் மட்டும் வேறு மாதிரி மணம் வந்தது. அவளிடம் ஒரு பச்சைக் கண்ணாடிப் பாட்டில் இருந்தது. விழுப்புரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வளையலும் ரிப்பனும் விற்ற கடையில் வாங்கியது. மல்லிகை என்று சொன்னால் மல்லிகை இல்லை, ரோஜா என்றால் அதுவும் இல்லை. முதலில் இனிப்பாக வந்து, கொஞ்ச நேரத்தில் புது சோப்பைப் பிரித்த மணமாகி, கடைசியில் தொண்டையில் லேசாகக் காறும் அந்த வாசனைக்கு எந்தப் பூவும் பொறுப்பேற்றுக்கொள்ளாது. அத்தை தெருமுனையில் திரும்பும்போதே அது எங்கள் வாசலுக்கு வந்துவிடும்.

"என்னா ரெஜினா, உனக்கு முன்னாடியே உன் சென்ட்டு வந்து ஆஜர் குடுத்துட்டுப் போவுது" என்பார் களத்து மேஸ்திரி.

"அப்ப அதுக்கும் சேத்து ஒரு ஆள் கூலி போடுங்க மேஸ்திரி. நான் வேணான்னா சொல்றேன்?" என்பாள் அத்தை, துழாவுவதை நிறுத்தாமலே.

ஒருவர் பூசிக்கொள்ளும் வாசனையை வைத்து ஆளை எடைபோடுவது எங்கள் பக்கத்தில் சுலபமான வேலை. ஜவ்வாது வைத்தவர் பெரிய மனிதர். பவுடர் மணம் வந்தால் வெளியூர் புறப்படுகிறார் என்று பொருள். சென்ட் போடும் ஆண் மைனர். சென்ட் போடும் பெண்ணுக்கு முழு வாக்கியம்கூடத் தேவையில்லை. 'அது ஒரு மாதிரி' என்று சொல்லி வாயை ஒருபக்கமாக இழுத்தால் போதும். அத்தைக்கு 'சென்ட் ரெஜினா' என்று பெயரே வந்துவிட்டது. மினுக்கி, ஆடம்பரக்காரி, ஆம்பளைங்க பார்க்கட்டும் என்று ஊற்றிக்கொள்கிறவள் என்றெல்லாம் குழாயடியில் பேசினார்கள்.

அப்படிப்பட்ட ஆடம்பரக்காரி கோயிலில் எங்கே நிற்பாள் என்று அவர்களில் யாரும் கவனிக்கவில்லை. கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரம், காற்று வெளியே போகிற இடத்தில் நிற்பாள். பஸ்ஸில் இருக்கை காலியாக இருந்தாலும் படிக்கட்டுப் பக்கமே தொற்றிக்கொண்டு வருவாள். பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கையில் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவாள். யாராவது தன்னைப் பார்க்க வேண்டும் என்பதற்காக அவள் சென்ட் போடவில்லை. பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்விடக் கூடாது என்பதற்காகப் போட்டாள்.

காரணம், அத்தைக்கு மூக்கில் எதுவும் தெரியாது. எட்டு வயதில் நெல் மூட்டை ஏற்றிய லோடு வண்டியின் மேலிருந்து விழுந்து பின்மண்டையில் அடிபட்டது. காயம் ஆறிவிட்டது. மூன்று நாள் கழித்து, திரிந்து நுரைத்துப்போன கஞ்சியை அவள் ஒன்றுமே சொல்லாமல் குடித்து முடித்தபோதுதான் வீட்டுக்குத் தெரிந்தது. அப்பா அதை வெளியே விடவில்லை. "மூக்கு வேலை செய்யாத பொண்ணுன்னு தெரிஞ்சா எவன்டா கட்டுவான்? பால் பொங்கிக் கருகினாக்கூடத் தெரியாதாமேன்னு கேப்பாங்க" என்பார். எனவே அது அப்பா, அம்மா, நான் மூவருக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. தன்மேல் தொட்டி வாடை இருக்கிறதா இல்லையா என்பது தனக்கு மட்டும் ஒருபோதும் தெரியப்போவதில்லை என்ற பயத்தோடு அத்தை வளர்ந்தாள்.

அவளுக்கு மூக்காக இருந்தவன் நான். எங்கே புறப்பட்டாலும் முதலில் மணிக்கட்டை நீட்டுவாள், அப்புறம் முழங்கை மடிப்பு, அப்புறம் சடை நுனி.

"டேய் மோப்பம், சொல்றா ஜல்தி. பஸ்ஸு போயிடும்."

என்னிடம் மூன்று பதில்கள் இருந்தன. 'இல்ல' என்றால் ஒரு சொட்டு, அது சும்மா மனசுக்கு. 'லேசா' என்றால் இரண்டு. 'ஆமா' என்றால் மறுபடி குளித்துவிட்டு வந்து மூன்று. தேர்வில் பதில் எழுதுவதைவிடக் கவனமாக நான் அந்தப் பதில்களைச் சொல்வேன். என் பதிலை அவள் ஒருமுறைகூட மறுத்துக் கேட்டதில்லை.

இந்த வரன், தேடாமலே வந்த ஒரே வரன். மாப்பிள்ளை ஆரோக்கியராஜ் திண்டிவனத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற சின்னக் கடை வைத்திருந்தார். மில் மோட்டார் எரிந்துபோனபோது இரண்டு நாள் வந்து வேலை பார்த்தார், போகும்போது உபதேசியாரைத் தேடிப் போய், "களத்துல வேலை செய்யற அந்த அக்கா வீட்டுல பேச முடியுங்களா?" என்று கேட்டிருக்கிறார். 'அக்கா' என்று சொல்லிவிட்டுப் பெண் கேட்ட கதையை உபதேசியார் வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தார். அத்தைக்கு அப்போது இருபத்தாறு வயது. அதற்கு முன் வந்த இரண்டு இடங்களும் 'சென்ட்' என்ற சொல் காதில் விழுந்ததும் திரும்பிப் போயிருந்தன. இதுவும் போனால் இனி ரெண்டாந்தாரம்தான் என்று அம்மா ஒருநாள் அடுப்படியில் அழுததை நான் கேட்டிருக்கிறேன். மில் மோட்டார் ஓடும் சத்தத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அத்தையின் நடை கொஞ்சம் மெதுவாகும்.

உபதேசியார் அவசரப்பட்டார். எங்கள் கோயில் வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசைகளில் மணமக்கள் பெயரை அறிவிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்ல வேண்டும். அதற்கு 'ஓலை' என்று பெயர். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்துவிட்டால் கல்யாணம் வைக்க முடியாது. "அதுக்குள்ள மூணு ஓலையும் படிச்சி முடிச்சிடலாம். பொண்ணு பாக்கறது நல்லபடியா முடிஞ்சா வர்ற ஞாயித்துக்கிழமையே மொத ஓலை" என்றார். செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். முந்தின நாள் வீட்டார் முன்னால் அதை வாசித்தவன் நான்தான்: ஐந்து பேருக்குக் கேசரி, காபி. மாப்பிள்ளையின் தாயாருக்கு மூச்சிழுப்பு நோய் உண்டு. ஆதலால் சாம்பிராணி, ஊதுபத்தி, பவுடர், சென்ட் எதுவும் கூடாது.

கடைசி வரியை வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள்.

"புரிஞ்சிதாம்மா ரெஜி?" என்றார் அப்பா.

"ஒரு நாளுதானண்ணா. உயிரா போயிடும்" என்றாள் அத்தை.

ஞாயிறு காலை அவள் மூன்று முறை குளித்தாள். சீயக்காய் தேய்த்து, எலுமிச்சைத் தோலால் முழங்கையைத் தேய்த்து, அம்மாவின் பெட்டியிலிருந்த ஊதாப் பட்டைக் கட்டிக்கொண்டாள். உபதேசியார் கைபேசியில், "கூட்டேரிப்பட்டு தாண்டிட்டாங்களாம்" என்று சொன்னது கேட்டதும் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள். மணிக்கட்டை நீட்டினாள். வலது கையால் அதைப் பிடித்து என் மூக்கருகே கொண்டுபோனேன்.

நான் மோந்தேன். எலுமிச்சை வந்தது, சீயக்காய் வந்தது, அதற்குக் கீழே, மிக மெலிதாக, அந்தப் புளிப்பும் வந்தது. இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன். இருந்தது.

"லேசா" என்றேன்.

அத்தை ஒரு நிமிடம் கையை அப்படியே நீட்டியபடி நின்றாள். "மூணு தடவ குளிச்சேனேடா" என்றாள். அப்போது அப்பா வெளியிலிருந்து, ரோட்டுக்குப் போய் ஆட்டோவுக்கு வழி காட்டச் சொல்லிக் கூப்பிட்டார். நான் ஓடினேன். அதன் பிறகு உள்ளே நடந்ததை வெகுநாள் கழித்துத்தான் அத்தை சொன்னாள். புடவைக்கு உள்பக்கம், யாருக்கும் தெரியாத இடத்தில், இரண்டே சொட்டு என்று நினைத்துப் பாட்டிலைச் சாய்த்திருக்கிறாள். பாட்டில் வாயிலிருந்த பிளாஸ்டிக் வளையம் கழன்று, பாதிப் பாட்டில் ரவிக்கையிலும் புடவையிலும் இறங்கிவிட்டது. ஈரத்துணியால் துடைத்தாள். ஈரம் போய்விட்டது. ஈரம் போனால் வாசனையும் போய்விட்டது என்று நினைத்தாள். போகவில்லை என்று சொல்வதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அவளுடைய மூக்கு ரோட்டில் நின்று ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தது.

விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு நான் திரும்பியபோது வாசலிலேயே வாசனை எங்களை நிறுத்தியது. அம்மா எல்லா ஜன்னல்களையும் திறந்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா லூர்தம்மாள், மெலிந்த உடம்பு, நாற்காலியில் உட்கார்ந்தார், ஒருமுறை இருமினார். அம்மா தடுப்பதற்குள் அத்தை காபித் தட்டோடு வெளியே வந்து அவருக்கு நேராகக் குனிந்தாள். அவ்வளவுதான். லூர்தம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், உள்ளே இழுத்த மூச்சு விசில் போலச் சத்தமிட்டது, கழுத்து எலும்புகள் குழிந்து குழிந்து எழும்பின. உறிஞ்சுகிற மருந்தைத் திண்டிவனத்திலேயே மறந்துவிட்டு வந்திருந்தார்கள். கேசரியை யாரும் தொடவில்லை. வந்த ஆட்டோவிலேயே அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். சாயந்திரம் நாலு மணிக்குத்தான் அவருக்குப் பேச்சு வந்தது. கட்டிலைச் சுற்றி மகன், அப்பா, உபதேசியார், நான்.

"சென்ட்டு ஆவாதுன்னு சொல்லித்தான அனுப்பினோம். அப்பிடியும் பாட்டிலோட கவுத்துக்கினு எம் மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கிறான்னா, அவ நெஞ்சு என்ன நெஞ்சு? நாளைக்கு எங்கூட்டுக்கு வந்தா எனக்கு எத்தினி நாளு?" என்றார்.

அப்பா வாய் திறந்தார். அந்த ஒரு வாக்கியம் அவர் நாக்கில் இருந்தது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். உபதேசியாரைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், பக்கத்துக் கட்டில்காரர்களைப் பார்த்தார். "சின்னப் பொண்ணு. ஆசையில போட்டுக்கிச்சும்மா. மன்னிச்சிடுங்க" என்றார். தங்கையின் குறையை மறைப்பதாக நினைத்து, இல்லாத திமிரை அவள் மேல் ஏற்றி வைத்தார்.

அத்தை உள்ளே வரவில்லை. தேடிப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால், துணி துவைக்கிற குழாயடியில், ஊதாப் பட்டோடு தலை முதல் கால் வரை நனைந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் கால்மாட்டில் சாயம் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப வருதாடா?" என்றாள்.

"இல்ல அத்த" என்றேன். வந்துகொண்டுதான் இருந்தது. நான் அவளிடம் தெரிந்தே சொன்ன முதல் பொய் அது.

மறுநாள் காலை, துவைப்பதற்காக என் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை எடுத்த அம்மா முகத்தைச் சுளித்தாள். "எங்கடா போய் உருண்ட? சட்டை பூரா தொட்டித் தண்ணி." வாங்கி மோந்து பார்த்தேன். வலது கை முனையிலிருந்து முழங்கை வரை காய்ந்த மஞ்சள் கறை. பூசைக்குப் போகும் முன், நாற்காலி கேட்டு மில்லுக்குப் போன அப்பாவுடன் நானும் போயிருந்தேன். அவர் வாட்ச்மேனோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில், தொட்டித் தண்ணீர் ஓடும் கால்வாயில் பதர் பிடித்து விளையாடினேன். அந்தக் கையால்தான் அத்தையின் மணிக்கட்டைப் பிடித்து என் மூக்குக்குக் கொண்டுபோனேன். அத்தை மேல் ஒன்றும் இல்லை. வாடை என்னுடையது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. பத்து வயதுப் பையனுக்குத் தைரியம் இல்லை என்று மட்டும் இதை முடித்துவிட முடியாது. வாசித்துச் சொல்கிறவன், தவறாகச் சொல்லாதவன் என்று வீட்டில் எனக்கு ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

ஓலை வாசிக்கப்படவில்லை. அத்தை சென்ட் போடுவதை அன்றோடு நிறுத்தினாள். என்னிடம் கை நீட்டுவதையும் நிறுத்தினாள். பஸ் ஏறுவதே இல்லை. கோயிலுக்கு வந்தாலும் கதவோரம்கூட நிற்காமல், வெளியே வேப்பமரத்தடியிலிருந்து ஒலிபெருக்கியில் பூசை கேட்டாள். அடுத்த வருடம் கண்டாச்சிபுரத்திலிருந்து ஓர் இடம் வந்து, 'மாமியாக்காரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பின பொண்ணாமே' என்று விசாரித்துவிட்டுப் போனது. அன்றும் அத்தைதான் சிரிக்க வைத்தாள். "விடுங்க அண்ணி. மாமியா இல்லாத வீடா பாத்து ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல கட்டிக் குடுங்க" என்றாள். அம்மா சிரித்துக்கொண்டே எழுந்து உள்ளே போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

பிறகு கொரோனா வந்தது. இரண்டாவது அலையில் லைன் வீடுகளில் பாதிப்பேர் படுத்தார்கள். அப்பாவுக்குக் காய்ச்சல் நாலு நாளில் இறங்கியது; மூக்கு மட்டும் திரும்பி வரவில்லை. அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பை முன்னால் வைத்துக்கொண்டு, "என்னாடி இது, வெந்நீரா?" என்றார். "தெருமுனை வரிக்கும் வாசனை அடிக்குது, உனக்குத் தெரியலியா?" என்றாள் அம்மா. அப்பா தட்டைத் தூக்கி மூக்கருகே பிடித்துப் பார்த்தார். சோப்பை மோந்தார், மண்ணெண்ணெய்ப் புட்டியைத் திறந்து மோந்தார். இரண்டாவது வாரம், சட்டையைக் கழற்றி அத்தையிடம் நீட்டி, "நாறுதா பாரும்மா" என்று கேட்டுவிட்டு, யாரிடம் கேட்கிறோம் என்று உறைத்து அப்படியே நின்றுவிட்டார்.

"எப்டிம்மா ரெஜி இத்தினி வருசம்?" என்றார்.

"பழகிடும்ணா. வாசனை இல்லாட்டி நாத்தமும் இல்ல. ஆனா நம்ம மேல என்னா இருக்குதுன்னுதான் தெரியாது. அது ஒண்ணுதான் பேஜாரு" என்றாள் அத்தை.

மறுநாள் களத்தில், மேஸ்திரியும் இன்னும் நாலு பேரும் மூக்கு போன கதையை ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அப்பா எல்லோருக்கும் கேட்கும்படி, "எந் தங்கச்சிக்கு எட்டு வயசுலேர்ந்தே மூக்குல ஒண்ணும் தெரியாது" என்றார். மேஸ்திரி, "அதாம்மா சென்ட்டு அவ்ளோவா?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவு வருடம் பூட்டி வைத்திருந்தது அவ்வளவு சுலபமாக வெளியே வந்து, யாரையும் கடிக்காமல் நின்றது.

அன்று சாயந்திரம்தான் நான் சட்டை விஷயத்தைச் சொன்னேன். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அத்தை என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப அன்னிக்கு எம்மேல வரலையா?" என்றாள்.

"இல்ல அத்த."

"நெஜமா?"

"எலுமிச்சம்பழமும் சீயக்காயும்தான் வந்துச்சி."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மூணு தடவ குளிச்சேன்ல" என்று சொன்னாள், எங்களிடம் இல்லை, தனக்கே.

பஸ் ஓடாத நாட்கள் அவை. மாப்பிள்ளைக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று சொன்ன உபதேசியாரிடம் எண் வாங்கி அப்பா திண்டிவனத்துக்குப் பேசினார். எல்லோரும் கேட்கும்படி கைபேசியை நடுவில் வைத்தோம். எடுத்தவர் லூர்தம்மாள். அப்பா தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"ஊருக்கே மூக்கு போன நேரமா பாத்து நீங்களும் ஒரு கத வெச்சிருக்கீங்களா?" என்றார் அவர்.

அந்தப் பக்கம் மகனின் குரல் கேட்டது. "நான்தான் அன்னிக்கே சொன்னேன்லம்மா. அந்த மில்லுல நான் ஓட்டிப் பாக்கறப்ப மறுபடி காயில் எரிஞ்சி அம்மாம் பேரும் மூக்கப் பொத்திக்கினு வெளிய ஓடினாங்க. இவங்க மட்டும் மோட்டாருக்குப் பக்கத்துல ஒக்காந்து சோறு துன்னுக்கினு இருந்தாங்க. நான் போயி எழுப்பிவுட்டேன்."

"அவளக் கட்டிக்கணும்னு நீ கட்டின கதன்னு நெனச்சேன்டா."

"கதையா இருந்தா இன்னும் நல்லாக் கட்டியிருப்பேன்ம்மா."

"அந்தப் பொண்ணுகிட்டக் குடுங்க" என்றார் லூர்தம்மாள். அத்தை கைபேசியைக் கையில் எடுக்கவில்லை, குனிந்து நின்றாள்.

"ஏம்மா, கேஸ் தொறந்துகிட்டு இருந்தா ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க அத்த."

"தெரியும்னு சொல்லுவியோன்னு பாத்தேன்." ஓர் இருமல். "எம் பொண்ணா இருந்தா நானும் மறச்சிருப்பேன். எனக்கு மூச்சு வுட வராது, ஒனக்கு மோக்க வராது. ரெண்டு பேரும் சேந்தா ஒரு மூக்கு தேறுமான்னு பாக்கலாம். ஆனா சென்ட்டு மட்டும் வேணாம்மா."

"அத வுட்டு ரொம்ப நாளாச்சிங்க அத்த" என்றாள் அத்தை. அவள் அழுவதை நான் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன்; அதுவரை சத்தம் வராமல் அழப் பழகியிருந்தாள்.

கோயில்கள் மறுபடி திறந்ததும் மூன்று ஞாயிறுகள் ஓலை வாசித்தார்கள். முகக்கவசம் போட்ட இருபது முப்பது பேர் முன்னால் கல்யாணம். மாலையில் மல்லிகை இல்லை, ரோஜா இல்லை. மணமே இல்லாத கனகாம்பரத்தை நெருக்கிக் கட்டி இரண்டு மாலைகள். தூபக்கலசத்தைச் சாமியார் ஏற்றவே இல்லை. அத்தை அன்றுதான் கோயிலின் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

அவள் இப்போது திண்டிவனத்தில் இருக்கிறாள். அந்த வீட்டில் சோப்புக்குக்கூட மணம் கிடையாது. பால் வைத்தால் மாமியார் அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். "ரெஜினா, ஆச்சு, எறக்கு" என்பது தெருவரை கேட்கும். இங்கே விழுப்புரத்தில் பழைய மில் இல்லை. தொட்டிகளை இடித்துவிட்டு மூடிய கலன்கள் வைத்துவிட்டார்கள். கால்வாயின் மேல் சிமெண்டுப் பலகை. லைன் வீடுகளும் போய்விட்டன, அந்த வாடையும் போய்விட்டது. வளையல் கடை இருந்த இடத்தில் கைபேசிக் கடை. அந்தச் சென்ட்டைத் தேடி நாலைந்து கடைகளில் கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் இப்ப எவன் போடறான் தம்பி, பாடி ஸ்ப்ரே தரட்டா?" என்றார் ஒருவர். வாசனையை எழுதி வைக்க எழுத்து இல்லை. இனிப்பு, சோப்பு, காறல் என்று நான் மேலே எழுதியதெல்லாம் வெறும் சொற்கள்தான். அது எப்படி மணந்தது என்பது எனக்கே நழுவிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் குடும்ப அட்டை வேலைக்காக அத்தையின் திருமணச் சான்று வாங்கக் கோயில் அலுவலகத்துக்குப் போனேன். உபதேசியாருக்குக் கண் மங்கிவிட்டது. ஓலைப் பதிவேட்டை என்னிடமே தள்ளி, "நீயே பாரு தம்பி" என்றார். புரட்டியபோது ஒரு பக்கத்தில், அன்று அவசரப்பட்டு முன்கூட்டியே எழுதிய அவர் கையெழுத்தில், அத்தை, ஆரோக்கியராஜ் இருவர் பெயரும் இருந்தன. மணமகள் வயது இருபத்தாறு. பக்கத்தில் மூன்று கட்டங்களும் காலி. குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு, அதன் முனையில் கோடு போட்ட தேதி. இன்னும் பல தாள்கள் தள்ளி, அதே பெயர்கள், அதே கையெழுத்து, கொஞ்சம் நடுங்கியிருந்தது. மணமகள் வயது முப்பது. மூன்று கட்டங்களிலும் தேதிகள், அவற்றுக்கு அருகே கல்யாணத் தேதி. சான்றுக்கு வேண்டியதைக் கொண்டுபோயிருந்த தாளில் குறித்துக்கொண்டேன். பிறகு அதே தாளின் ஓரத்தில், கோடு போட்ட தேதியைக் கல்யாணத் தேதியிலிருந்து கழித்துப் பார்த்தேன்.

மூன்று ஆண்டு, ஏழு மாதம்.